பாதி எஞ்சிய பள்ளி
பினாங்கு அருங்காட்சியகக் கட்டடத்தின் வரலாறு

பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு வரும் தமிழர் குயின் வீதி மாரியம்மன் கோயிலையும் லிட்டில் இந்தியாவின் கடைத்தெருக்களையும் தவறாது காண்பர். அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், பார்குவார் வீதியில், மாநில அருங்காட்சியகத்தின் கட்டடம் நிற்கிறது. பழம்பொருள்களையும் ஓவியங்களையும் காக்க அமைந்த அக்கட்டடமே ஒரு பழம்பொருள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வரலாற்றைக் கற்பிப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறியொன்றை அதன் கதை புலப்படுத்துகிறது.

அது முதலில் பள்ளிக்கூடம். பிரான்சிஸ் லைட் இத்தீவில் 1786-இல் பிரித்தானியக் கொடியை ஏற்றினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816-இல், பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கினார். ‘பிரீ’ என்பதற்குச் சம்பளம் வாங்காத பள்ளி என்பது பொருளன்று. இனமும் சமயமும் பாராது எல்லார்க்கும் கதவு திறந்த பள்ளி என்பதே பொருள். அப்பள்ளிக்கென 1896-ஆம் ஆண்டிலும் 1906-ஆம் ஆண்டிலுமாக இரு கட்டங்களில் எழுந்ததே நாம் பேசும் கட்டடம். நாட்டின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானும் இப்பள்ளியின் மாணவரே. 1928-இல் பள்ளி கிரீன் லேனுக்குக் குடிபெயர, பழைய கட்டடம் ஹட்சிங்ஸ் பள்ளிக்கு இடமாயிற்று.

பின்னர் வந்தது இரண்டாம் உலகப் போர். குண்டுவீச்சில் கட்டடத்தின் ஒரு பாதி அழிந்தது. எஞ்சிய பாதியிலேயே 1965 ஏப்ரல் 14-ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. பல்லாண்டுகள் நம் கண்முன் நின்றது அப்பாதியே. இழப்பை மறைக்காமல், இருப்பதைக் காத்து நின்றதே அதன் சிறப்பு எனலாம்.

இதற்கு மாறானதொரு சான்றும் அங்கேயே இருந்தது. பினாங்கின் 150-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1936-இல் லைட்டுக்கு வெண்கலச் சிலை எடுத்தனர். அச்சிலை பல ஆண்டுகள் அருங்காட்சியகத்தின் முன் நின்று, பின்னர் கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காமையால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அமைத்த அவர் மகன் வில்லியமின் சாயலில் சிற்பி அதனை வடித்தார் என்பர். பெயர் தந்தையுடையது, முகமோ மகனுடையது! பீடத்தில் உள்ள எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேறு வேண்டுமோ?

அருங்காட்சியகச் சேகரிப்பின் அருஞ்செல்வம் கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய எட்டு எண்ணெய் ஓவியங்கள். கும்பினியின் பொறியாளரான அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட பினாங்கின் மலையையும் கடலையும் ஊரையும் அவற்றிற் பதிவு செய்தார். புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில் அவர் தூரிகையே நமக்குச் சாட்சி. இதே ஸ்மித் பின்னர்த் தில்லியில் குதுப்மினாரைப் பழுது பார்த்தார். நிலநடுக்கத்தில் சிதைந்த அதன் உச்சியில், முன்பு இல்லாத ஒரு மண்டபத்தைத் தாமே கற்பித்து 1828-இல் ஏற்றி வைத்தார். அது பொருந்தாதெனக் கண்ட கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு 1848-இல் அதனை இறக்கச் செய்தார். கண்டதைத் தீட்டியபோது ஸ்மித்தைப் போற்றுகிறோம். இல்லாததைச் சேர்த்தபோது காலம் அவரை ஏற்கவில்லை.

இனி நம்மவர் செய்திக்கு வருவோம். அருங்காட்சியகத்தை அடுத்துள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கட்டி முடிந்தது. அதன் வடிவமைப்பிலும் ஸ்மித்துக்குப் பங்கு உண்டு. அதற்குக் கல்லும் சாந்தும் சுமந்தவர்களோ இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். வரைந்தவர் பெயர் நிலைத்தது. சுமந்தவர் பெயரைச் சுவர் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி மாணவர்க்குக் கூறுகையில் கற்பனைப் பெயர்களைச் சூட்டுவது ஸ்மித்தின் மண்டபத்தை மீண்டும் ஏற்றுவதாகும். அவர்களை அறவே மறப்பதோ எஞ்சிய பாதியையும் இடிப்பதாகும். இரண்டும் ஆகா.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நகரத்துக் கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியர் பால்மரம் சீவிய உளியும், பால் சுமந்த வாளியும், தோட்டப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளும் எங்கே காவல் பெறும்? தோட்டம் வீடமைப்பு நிலமாகும்போது அவையும் குப்பையோடு போகின்றன. பதிவேட்டில் மை மங்கிய ஒரு பெயர், நாம் புனையும் நூறு பெயர்களினும் மேலானது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுதலோடு நின்றுவிடலாகாது. தத்தம் பள்ளியின் அலமாரியைத் திறந்து, உள்ளவற்றைப் பட்டியலிட்டு, இன்ன பொருள், இன்ன ஆண்டு, இன்னார் தந்தது என எழுதி வைத்தல் வேண்டும். இல்லாததைச் சேர்க்க வேண்டா. இருப்பதை இழக்கவும் வேண்டா. பாதி எஞ்சிய அந்தப் பழைய பள்ளி இன்றும் நமக்கு நடத்தும் பாடம் இதுவே.