ஓதம் காத்த சுவரும் பிளேக் கட்டிய ஊரும்

டிஸ்கி: நான் சிவில் இன்ஜினியர் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருப்பவன். சுவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, ஒரு சுவரோடு ஆறு வருஷம் சண்டை போட்டதுதான்.

2018-ல் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபோது ஃப்ரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் பாதி வாடகைக்குக் கிடைத்தது. 1920-களில் கட்டினது என்றார்கள். சிவப்பு ஆக்சைடு தரை, தலையை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெர்ரஸ் கூரை, ஜன்னலுக்கு மேலே கயிறு கட்டி இழுத்துத் திறக்கிற வென்டிலேட்டர். கும்பகோணத்துப் பாட்டி வீட்டை யாரோ பெட்டி கட்டி ரயிலேற்றி அனுப்பின மாதிரி இருந்தது. தங்கமணி தரையைப் பார்த்தார், நான் வாடகையைப் பார்த்தேன், சுவரை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. புதுசாகப் புட்டி வைத்து பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகை அட்வான்ஸ். கொடுத்தோம்.

செப்டம்பர் மழை தொடங்கி மூன்றாவது வாரம், ஏதோ கல்யாணத்துக்குப் போக தங்கமணி பீரோவைத் திறந்தார். கூறைப்புடவையில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. மக்கின வாடை. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாய்ப் பூசணம், ஆள் உயரத்துக்கு. ஊருக்குப் போன் போட்டேன். அம்மா கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னாள்: "சுவத்துல ஓதம் காக்குதுடா. பீரோவ சுவத்தோட ஒட்டி யாரு வெக்கச் சொன்னா?"

அம்மா சொன்னதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வருஷம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தோம். இரண்டாம் வருஷம் ஈரத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற விலை உயர்ந்த பெயின்ட். அப்புறம் வீட்டுக்காரரிடம் மன்றாடி, நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல கெட்டி சிமென்ட்டில், வாட்டர் ப்ரூஃப் கலவை சேர்த்துப் பூச வைத்தேன். ஒரு வருஷம் சும்மா இருந்தது. அடுத்த மழைக்கு ஓதம் ஐந்தடியில் வந்து நின்றது! நான் ஙே என்று விழித்தேன்.

புடவை போனால் போகிறது. அந்த வருஷம்தான் ஏழு வயது மகளுக்கு ராத்திரியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்டில் எங்காவது சுவர் ஈரமாக இருக்கிறதா?" என்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இதற்கென்று தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா எல்லாம் கூடுதலாக வருகிறது. இத்தனை பூஞ்சை வரை பரவாயில்லை என்று ஒரு எண் சொல்ல முடியாது. ஈரத்தை ஒழிப்பதுதான் வழி என்பது அதன் சாரம். வீடு மாற்றலாம் என்றால் மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அட்வான்ஸ் வேறு மாட்டிக்கொண்டிருக்கிறது. காலி செய்தால் பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். அதை வைத்து அடுத்தவருக்கு அதே சுவரில் புட்டி வைப்பார்கள் :-)

நிற்க. இந்த ஊர்ப் பழைய வீடுகள் அடமானத்துக்கு வரும்போது மதிப்பீட்டு அறிக்கை என் மேஜைக்குத்தான் வரும். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினவர்கள் ஈரத்தை மட்டும் கோட்டை விட்டிருப்பார்களா என்று ஒரு நாள் தோன்றியது. நாங்கள் குடியிருக்கிற பேட்டை எப்படி வந்தது என்று படிக்கப்போனால், அது பிளேக்கில் போய் நின்றது.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது எப்படி வீட்டுக்கு வீடு போகிறது என்பதில் யாருக்கும் தெளிவில்லை. இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத அறை, கெட்ட வாடை, இதிலிருந்துதான் நோய் கிளம்புகிறது என்பது அதிகாரிகள் பலரின் நம்பிக்கை. பம்பாயில் வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓட்டையே பிரித்துப் போட்டார்கள். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். மனிதர் வசிக்க லாயக்கில்லை என்று வீடுகளின் மேல் எழுதி வைத்தார்கள். பெங்களூர் ஆகஸ்டில் தவித்துக் கொண்டிருந்ததற்கு இரண்டே மாதம் முன்னால், 1898 ஜூனில், கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று ஒரு சோதனையில் காட்டியிருந்தார். யாரும் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு இந்தியாவில் நடந்த பெரிய ஆராய்ச்சிகள்தான் அதை உறுதி செய்தன.

நடுவில் இருந்த அந்த ஏழெட்டு வருஷங்கள்தான் எனக்குச் சுவாரசியம். பேட்டையின் நெருக்கத்தை விட்டு ஜனங்கள் வெளியே வர, ஏற்கெனவே திட்டத்தில் இருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன. நேர் நேரான அகலத் தெரு, வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இடம், பின்னால் துப்புரவுக்கென்று ஒரு சந்து, உயரக் கூரை, எதிரும் புதிருமாக ஜன்னல். எல்லாம் காற்றும் வெயிலும் நோயை விரட்டும் என்கிற எண்ணத்தில். பிளேக்கைப் பொறுத்தவரை கணக்கு தப்பு, ஏனென்றால் எலிக்கு ஜன்னல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பூஞ்சைக்கு? பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும்தான். ஒரு நோய்க்காகப் போட்ட தப்புக் கணக்கு வேறொரு நோய்க்குச் சரியான விடையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆடிட்டில் இப்படி ஒரு என்ட்ரியை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஃப்ரேசர் டவுன் அதற்கு அடுத்த கட்டம். அதற்குள் எலிதான் என்று தெரிந்துவிட்டது. பாப்பரெட்டிபாளையம் என்ற கிராமம் இருந்த இடத்தில், 1910 வாக்கில், கன்டோன்மென்ட்டின் புதுப் பேட்டையாக இது வந்தது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயர். திட்டம் போட்டவர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் என்ற என்ஜினியர். பெங்களூரில் பிளேக் நுழையாத நகரமைப்பு என்ற பொருளில் தலைப்பு வைத்து 1914-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எலி வளை தோண்ட முடியாத வீடு என்பதுதான் மையக் கருத்து. அவர் பெயரில் இன்றைக்கும் ஒரு ரோடு இருக்கிறது. 1809-லிருந்தே பட்டாளத்தோடு வந்து குடியேறிய நம் தமிழ் ஜனங்கள் கன்டோன்மென்ட்டைச் சுற்றி நிறையப் பேர் என்பதால், அந்த ரோட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு போவதைக் கேட்கலாம்.

ஆக நான் குடியிருப்பது நோய்க்கு எதிராகத் திட்டம் போட்டுக் கட்டின ஊர். அந்த ஊரில் என் மகளுக்கு இழுப்பு என்றால் நடுவில் யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டும் இல்லையா?

அதைக் காட்டிக் கொடுத்தவர் ஒரு கொத்தனார். திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே வந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துச் சுவரில் அங்கங்கே தட்டினார். சிமென்ட் பூச்சு டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் போட்டது. "சார், சுவத்துக்கு ரெயின்கோட்டு போட்டு உட்டுருக்கீங்க. ஆனா தண்ணி உள்ளேருந்து இல்ல வருது" என்றார்.

அப்புறம் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சுவரின் காலைக் காட்டினார். இந்த ஊர்ப் பழைய வீடுகளுக்கு அடியில் சைஸ் கல் கட்டு இருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி கருங்கல், அதற்கு மேல்தான் செங்கல். மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் செங்கலைத் தொடும் முன்னால் கல்லின் இடுக்குகள் வழியாகவே காய்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கல்லைக் காணோம்! ரோட்டைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று பழைய வீட்டுக்காரர்கள் முற்றத்தில் மண் கொட்டிக் கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்துவிட்டார்கள். வாசலில் நாலு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி. செங்கல் நேராக ஈர மண்ணில் நிற்கிறது.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும், ஸ்டவ் திரி மண்ணெண்ணெயை இழுப்பது மாதிரி. சுண்ணாம்புக் காரையில் கட்டி, சுண்ணாம்பிலேயே பூசின சுவரானால் ஏறின ஈரம் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். கெட்டி சிமென்ட்டைப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் எங்கே போகும்? சிமென்ட் முடிகிற இடம் வரை ஏறும். அதுதான் எங்கள் ஐந்தடி. கூடவே உப்பையும் கொண்டுவந்து பூச்சைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் 1904-ல் நம் சென்னையில் முதலில் செய்து பார்த்து அது நிலைக்காமல், 1914-ல் போர்பந்தரில்தான் தொழில் நிலைபெற்றது. எங்கள் வீடு கட்டின காலத்தில் சாதாரண வீட்டுக்குச் சுண்ணாம்புதான். சிமென்ட் கெட்டது என்று சொல்லவில்லை. புது வீட்டுக்கு அது தெய்வம். பழைய சுவரோடு அதற்கு ஒத்துப்போகாது, அவ்வளவே.

இன்னொன்று, குளியலறை. இந்த வீட்டின் மூல வரைபடத்தில் குளிப்பதும் துவைப்பதும் கொல்லைப்பக்கம், தனிக் கட்டிடம். தண்ணீர் வீட்டைத் தொடவே தொடாது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், 1974-ல் காவிரி என்று குழாய்த் தண்ணீர் பெருகப் பெருக, தண்ணீர் வீட்டுக்குள் குடியேறியது. யாரோ ஒரு காலத்தில் ஸ்டோர் ரூமை அட்டாச்ட் பாத்ரூம் ஆக்கியிருக்கிறார்கள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷவர். வெளிப்பக்கம் அஸ்திவாரத்தை ஒட்டி சம்ப். சுற்றிவிட்டிருந்த காலியிடத்தில் இரண்டு பக்கம் தகர ஷெட். மிச்சம் இருந்த வென்டிலேட்டரைக் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்தது யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

பத்து மாதத்துக்குக் குறைவில்லாமல் பேசி, செலவை வீட்டுக்காரரும் நானும் பாதிப்பாதி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. வாடகை வீட்டுக்கு எதற்கு இந்தச் செலவு என்று ஆபீசில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி பில்லோடு ஒப்பிட்டால் லாபம்தான், போட்டுப் பார்த்துவிட்டேன். தை மாசம் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தோம். உடனே பூசக் கூடாது என்றார் கொத்தனார். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு மூன்று மாதம், வெயில் காலம் முழுக்கக் காய்ந்தது. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் தங்கமணி விளக்கம் சொல்லி அலுத்துவிட்டார். வெளியே சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு டைல்ஸைப் பெயர்த்து ஜல்லி போட்டோம். பாத்ரூம் குழாயில் ஒரு கசிவு கிடைத்தது. சம்புக்கு உள்பூச்சு. பிறகு சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்துக் கலவை, கொத்தனார் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மேலே பெயின்ட் கிடையாது, வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்த்தபோதுதான் பாட்டி வீட்டில் போகிக்கு முன்னால் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பது ஞாபகம் வந்தது. நீலம் கலந்து, மட்டையால் அடித்து, கையெல்லாம் பொத்துப்போகும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து சுவர் காய ஆரம்பிக்கிற மார்கழிக் கடைசி. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிழைக்காது. போகி அன்றைக்குப் பழைய பாய் தலையணையெல்லாம் வேறு வெளியே போய்விடும். இதற்குமேல் என்ன மருந்தடிப்பது?

மழைக்காலத்தில் ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சில நூறு ரூபாய்தான். அறுபதைத் தாண்டினால் துணியை உள்ளே காயப்போடுவதில்லை, மின்விசிறி ஓடும், வென்டிலேட்டர் திறந்தே இருக்கும் (கொசுவலை அடித்தாயிற்று). பீரோ சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது, அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். போன மழைக்கு மகள் இன்ஹேலரை இரண்டே தடவைதான் எடுத்தாள். வயது ஏற ஏறத் தானாகவும் குறையும் என்கிறார் டாக்டர், அதனால் முழுத்தொகையையும் சுண்ணாம்பின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

போன ஞாயிறு மொபைல் வெளிச்சத்தில் பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். பாத்ரூம் பக்கத்து மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு. கொத்தனாருக்குப் போன் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வருகிறேன் என்றார்.