கப்பல் எரிந்தது நிஜந்தானா?

உறுமி என்றால் எங்கள் பக்கத்தில் மேளம். மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் ஊரைத் தூங்கவிடாத மேளம். ஆகவே 2012இல் ‘உறுமி’ என்ற பெயரில் ஒரு சினிமா தமிழ் பேசிக்கொண்டு வந்தபோது, அது ஏதோ மேளக்காரன் கதை என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் போத்தனூரில் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் உண்டு. மலையாளத்தில் உறுமி என்பது இடுப்பில் கச்சை மாதிரிச் சுற்றிக்கொள்ளக்கூடிய வளையும் வாள். சந்தோஷ் சிவன் இயக்கிய இந்தப் படம் அதற்கு முந்தைய வருஷமே மலையாளத்தில் வந்துவிட்டது. பிரித்விராஜ் கதாநாயகன், பிரபுதேவா அவனுடைய தோழன். வில்லன் யார் தெரியுமோ? நாமெல்லாம் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட வாஸ்கோ ட காமா!

மலையாளப் படம் எங்களுக்கு அந்நியச் சரக்கல்ல. 1862இல் மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ரயில் வந்த நாள் முதல் போத்தனூரில் இரண்டு பாஷையும் கலந்துதான் புழங்குகிறது. வடக்கத்தி ஆள் வந்து நின்றால் இது தமிழ்நாடா கேரளமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பான். ஆகவே படத்தைப் பற்றிய அபிப்பிராயங்களுக்கும் பஞ்சமில்லை. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

டீக்கடை நாயர், படத்தில் வரும் சிறக்கல் கேளு நாயனார் தம் பாட்டியின் ஊர்ப்பக்கத்துக்காரர் என்று அடித்துச் சொன்னார். அந்தக் குடும்பத்துத் தறவாட்டு வீட்டையே சிறுவயதில் பார்த்திருக்கிறாராம். அடுத்த வீதியில் இருக்கும் வாத்தியாரம்மாவுக்கு வேறு கவலை. “இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடிச்சவரை இப்படி ராட்சசனாக் காட்டிட்டாங்களே, பசங்க பரீட்சையில என்னத்த எழுதுவாங்க?” என்றார். இளவட்டங்கள் ஜெனிலியா வாள் பிடித்த அழகைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அது அவர்கள் உரிமை.

ரிடையரான கார்டு ஒருவர்தான் நிதானமாகப் பேசினார். “சண்டையெல்லாம் பிரமாதமுங்க. ஆனா அந்தக் கப்பல் விஷயந்தான் மனசுக்கு ஒப்பலை. பொம்பளைங்க, கொழந்தைங்களோட ஒரு கப்பலையே கொளுத்துவானுங்களா? சினிமாவுக்காகச் சேத்திருப்பானுங்க!” என்றார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேளு நாயனாரை நம்பினார்கள், கப்பலை நம்பவில்லை. விஷயம் நேர் தலைகீழ். தகப்பனைப் பறிகொடுத்து, கப்பலில் மாண்டவர்களின் நகைகளை உருக்கி வாள் செய்து, காமாவைப் பழிவாங்கச் சபதம் எடுக்கும் அந்த வீரன் கதாசிரியர் சங்கர் ராமகிருஷ்ணன் பெற்ற பிள்ளை. சிறக்கல் என்ற ராஜ்யம் உண்டு. அதை ஆண்டவர்கள் உண்டு. இந்தக் கேளு இல்லை. கப்பலோ எரிந்தது.

1502இல் காமா இரண்டாம் தடவையாக, இந்த முறை பெரிய ஆயுதக் கப்பற்படையோடு வந்தான். மக்காவுக்கு யாத்திரை போய்விட்டுக் கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘மீரி’ என்ற கப்பலை ஏழிமலைக்கு எதிரே கடலில் மடக்கினான். அதிலிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் எழுதியவர்களுக்குள் வித்தியாசம் உண்டு. குறைந்த கணக்கே இருநூற்றைத் தாண்டுகிறது. கப்பலிலிருந்த பெரிய வியாபாரிகள் பேரம் பேசினார்கள். கப்பல் கப்பலாக மிளகு தருகிறோம், உயிரை விடுங்கள் என்றார்கள். காமா சரக்கையும் பணத்தையும் கறந்துகொண்டு, தீ வைக்கச் சொன்னான். தீயை அணைத்துவிட்டு எதிர்த்து நின்றார்கள் அந்த யாத்திரிகர்கள். பெண்கள் கழுத்து நகைகளைக் கழற்றிக் காட்டினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரே மூச்சில் நடந்த கொலையுமல்ல இது. சில நாள் நடந்தது. சுமார் 20 பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், ஞானஸ்நானம் செய்து சாமியார்களாக்க.

இதை நமக்குச் சொல்கிறவர் கோழிக்கோட்டுக்காரரோ அரபு நாட்டவரோ அல்ல. காமாவின் படையில் ஒரு கப்பலில் கணக்கெழுதப் போன தோமே லோபஸ் என்ற போர்ச்சுக்கீசியர். கண்ணால் கண்டதை எழுதிவைத்தார். அந்த நாளை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன் என்ற பொருள்படவும் எழுதினார். கொளுத்தியவர்கள் கட்சியின் சாட்சியே இது. வக்கீல்கள் இதைவிட நல்ல சாட்சியைக் கேட்கமாட்டார்கள்.

கார்டிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். “எழுதினவன் அவங்க ஆளேதானுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்பறம் அந்தக் கேளு?” என்றார். அவர் கற்பனைதான் என்றேன். கப்பல் எரிந்த சேதியைவிட இதுதான் அவருக்கு வருத்தமாகிவிட்டது. பழிவாங்க ஒருத்தன்கூட இல்லாமல் அத்தனை பேரும் செத்துப்போனார்கள் என்பதை மனசு லேசில் ஒப்புக்கொள்ளுமா?

பொய் மனிதர்களை உண்டாக்கிப் பிழைக்கும் எனக்கு இதில் ஒரு சந்தோஷமும் உண்டு, ஒரு பயமும் உண்டு. எழுதுகிறவன் கொஞ்சம் உயிர் கொடுத்தால் இல்லாத கேளுவுக்கு இரண்டே மணி நேரத்தில் தறவாடும் பாட்டி ஊரும் கிடைத்துவிடுகின்றன. இருந்த காமாவுக்கோ நம் பாடப் புத்தகம் முகமே கொடுக்கவில்லை. தொப்பி, தாடி, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு, 1498. தீர்ந்தது. அந்தப் புள்ளிக்கோடு ஒரு கப்பலைக் கொளுத்தும் என்று யார் நம்புவார்கள்?

அந்த முதல் பயணத்திலாவது சுவாரஸ்யம் இல்லையா என்றால், ஏராளம். கிழக்காப்பிரிக்காவின் மலிந்தியில் இந்தக் கடலை அறிந்த மாலுமி ஒருவனை அமர்த்திக்கொண்டு, பருவக்காற்றின் முதுகில் ஏறி, ஒரு மாதத்துக்குள் காமா நம் கரைக்கு வந்துவிட்டான். ஊரில் ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். இந்துக் கோயிலை மாதா கோயில் என்று எண்ணி அவனுடைய ஆட்கள் மண்டியிட்டுத் தொழுதார்களாம்! சாமூதிரிக்குக் கொண்டுவந்த காணிக்கையைப் பாருங்கள்: கோடு போட்ட துணி, தொப்பிகள், பவழம், கை கழுவும் பாத்திரங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன். கரும்பு விளையும் ஊருக்குச் சர்க்கரை! அரசாங்க அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட நன்றாகக் கொடுப்பான் என்றார்கள். திரும்புகாலில் பருவக்காற்று எதிராக அடித்தது. அரபிக்கடலைத் தாண்டவே மூன்று மாதம். பல்லீறு அழுகும் நோயில் ஆட்கள் மடிந்தார்கள். ஏறக்குறைய 170 பேர் புறப்பட்டு, ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அறுபதுக்கும் குறைவு. அந்தச் சிரிப்பும் அந்தச் சாவும் நான்கு வருஷம் கழித்து ஏழிமலைக்கு எதிரே மீரியில் போய் விடிந்தனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சரித்திரக்காரர்கள் இதற்குத் தலையாட்டவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லைப் பற்றி வாத்தியாரம்மாவிடம் ஒன்று சொன்னேன். போத்தனூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளலூர் இருக்கிறது. அங்கே 1842இல் மண்ணுக்குள்ளிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமாபுரி வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் என்ற சக்கரவர்த்திகளின் தலை போட்டவை. பிறகும் அதே ஊரில் புதையல்கள் அகப்பட்டன. மேலைக் கடலில் வந்திறங்கிய வெள்ளி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரைக்கு வந்து ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷங்கள் ஆன பிறகுதான் காமா பிறந்தான். ஐரோப்பாவுக்கு அவன் ஆப்பிரிக்காவைச் சுற்றி வழி கண்டான். அது பெரிய காரியந்தான். நாம் காணாமற் போயிருக்கவில்லை. அம்மாள் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க, பரீட்சையில ஒரு மார்க் கேள்விக்கு இதையா எழுதறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

காமாவை எந்த வாளும் கொல்லவில்லை. மூன்றாம் தடவை ராஜப் பிரதிநிதியாக வந்தவன், சில மாதத்துக்குள் கொச்சியில் நோய்வாய்ப்பட்டு, 1524 டிசம்பர் 24இல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இறந்தான். 1539இல் அவன் எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் புனித பிரான்சிஸ் கோயிலில் அவனைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கம்பி போட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கொச்சிக்குச் சுற்றுலாப் போனால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

போத்தனூரிலிருந்து மங்களூர் போகும் ரயிலில் அதே ஜனங்கள் போவதுண்டு. கண்ணூர் தாண்டி, பழையங்காடிக்கும் பையனூருக்கும் நடுவே, இடது கைப்பக்கம் ஒரு மலை எழும்பித் தெரியும். அதுதான் ஏழிமலை. அதற்கு அப்பால் கடல். மீரி எரிந்தது அங்கே.