பொது அறிவு: யாருடைய பொது?

மாவட்ட மைய நூலகங்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். இலக்கிய அலமாரிப் பக்கம் ஈ காக்கை இருக்காது. போட்டித் தேர்வுப் பகுதியில் மட்டும் கதவு திறக்கும் முன்பே இடத்துக்குக் கூட்டம் நிற்கும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளிப் பாடப்புத்தகங்கள், பழைய வினாத்தாள் கட்டு. வராந்தாவில் ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தர் கேட்க ஒருத்தர் சொல்வார்கள். நிரந்தர நிலவரித் திட்டம்? காரன்வாலிஸ், 1793. ரயத்துவாரி? மன்றோ. உள்ளாட்சியின் தந்தை? ரிப்பன். நாட்டு மொழிப் பத்திரிகைச் சட்டம்? லிட்டன், 1878.

இதைப் பற்றி நம்முடைய சூழலில் ஒரு கேலி உண்டு. கிளி ஜோசியம் என்பார்கள், குமாஸ்தா உற்பத்தி என்பார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். பிறகு ஒரு கிராமத்து அம்பேத்கர் மன்றத்தில் மாலை நேர இலவசப் பயிற்சி வகுப்பில் வரலாறு சொல்லித்தர உட்கார்ந்தபோது அந்தக் கேலி வாயில் ஒட்டாமல் போயிற்று. ‘பொது அறிவு’ என்பது வெறும் மனப்பாடம் என்றால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. யார் உள்ளே வரலாம், யார் கூடாது என்று முடிவு செய்ய அரசு எந்திரம் கைக்கொண்ட கருவிகளில் ஒன்று அது. ஆகவே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகங்கள் 1853 வரை இயக்குநர்களின் சிபாரிசில் போயின. அந்த ஆண்டுப் பட்டயச் சட்டம் சிபாரிசை ஒழித்தது. என்ன வைத்துத் தேர்வு நடத்துவது என்று சொல்ல மெக்காலே தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. 1854இல் அறிக்கை வந்தது, 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. குழு பரிந்துரைத்த மொத்த மதிப்பெண் 6875. இதில் ஆங்கில மொழி, வரலாறு, இலக்கியத்துக்கு 1500. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழோ தெலுங்கோ வங்காளமோ இந்தப் பட்டியலில் இல்லை. ஆளப்போகும் நாட்டைப் பற்றிய அறிவைத் தேர்வில் தேறிய பிறகு கற்றுக்கொண்டால் போதும் என்பது ஏற்பாடு. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த கனவான் வீட்டுப் பையனுக்கு ஏற்கனவே தெரிந்திருப்பது எதுவோ அதுவே ‘பொதுவான’ அறிவு.

மதிப்பெண் என்பது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சம்பவம் போதும். 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார், ஐ.சி.எஸ்.ஸில் தேறிய முதல் இந்தியர். சமஸ்கிருதம், அரபியின் மதிப்பெண் இடையில் 500 ஆக உயர்ந்திருந்தது. அவர் தேறியபின் அது மறுபடியும் 375க்கு இறங்கியது. இந்தியர் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு பாடத்தின் எடையில் கை வைத்தார்கள், அவ்வளவுதான். 1870களின் கடைசியில் வயது உச்சவரம்பு 21இலிருந்து 19 ஆயிற்று. பத்தொன்பது வயதுக்குள் கப்பலேறிப் போய் லண்டனில் கிரேக்கம் எழுத எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? தேர்வை இந்தியாவிலும் நடத்து என்ற கோரிக்கையோடுதான் காங்கிரஸ் 1885இல் பிறந்தது. 1922இல்தான் அலகாபாத்தில் அது நடந்தது.

தேசிய வரலாறு இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடும். வெள்ளைக்காரன் கதவைச் சாத்தினான், போராடித் திறந்தோம், சுபம். ஆனால் சென்னை மாகாணத்தில் அதே தேர்வுக்கு வேறொரு கதை இருக்கிறது. பொதுப் பணிகள் குறித்த ராயல் கமிஷன் முன் 1913இல் அலெக்சாண்டர் கார்டியூ கொடுத்த கணக்கு இது: 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். உதவிப் பொறியாளர் பணிக்கு எடுக்கப்பட்ட 21 பேரில் 17 பேர். வினாத்தாளில் யாரும் சாதி கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், ஒரே மேஜை. கேட்காத சாதி விடையில் வந்து நின்றது.

1916 பிராமணரல்லாதார் அறிக்கை இந்தக் கணக்குகளை எடுத்துக்கொண்டு பேசியது. நீதிக்கட்சிக்காரர்கள் தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வகுப்புவாரி உரிமைக்கான ஆணைகள் 1921இலும் 1922இலும் வந்து காகிதத்தில் கிடந்தன. 1928இல் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான் செயலுக்கு வந்தது: 12 இடத்தில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. (அந்த ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் ஐந்தைச் சொல்லும் குரலில் ஒன்றைச் சொல்வதில்லை.) அடுத்த ஆண்டே, 1929இல், இந்தியாவிலேயே முதல் மாகாணத் தேர்வாணையமான சென்னை சர்வீஸ் கமிஷன் வந்தது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் மூதாதை அதுதான். இடப்பங்கீடும் தேர்வும் ஒன்றுக்கொன்று எதிரி என்று 1990இல் மண்டலுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். சென்னையில் அவை ஒரே காலத்தில், ஒரே வாதத்திலிருந்து பிறந்தவை.

இப்போது 1950க்கு வருவோம். அச்சுதானந்த தாஸ், வங்காளத்தைச் சேர்ந்தவர், பட்டியல் சாதியிலிருந்து ஐ.ஏ.எஸ். ஆன முதல் ஆள். அந்த ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற என். கிருஷ்ணனைவிட எழுத்துத் தேர்வில் தாஸ் வாங்கிய மதிப்பெண் அதிகம். நேர்முகத்தில்? கிருஷ்ணனுக்கு 300க்கு 260. தாஸுக்கு 110. எழுத்துத் தாள் ஆளைப் பார்க்கவில்லை. நேர்முகம் பார்த்தது. ‘ஆளுமைத் தேர்வு’ என்று அதற்குப் பெயர்.

ஃபூக்கோவை வாசித்தவர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். தேர்வு என்பது கண்காணிப்பையும் இயல்பாக்கத்தையும் ஒன்றிணைக்கும் சடங்கு, ஒவ்வொரு ஆளையும் ஒரு ‘கேஸ்’ ஆக மாற்றுவது என்று 1975இல் அவர் எழுதினார். சரிதான். ஆனால் இங்கே ஒருத்தன் தேர்வறைக்குள் நுழையும் முன்பே, பிறந்த தெருவிலேயே, கேஸ் ஆகிவிட்டான். பெயரும் ஊரும் அப்பன் பெயரும் அவனைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை மறைத்து ஒரு பதிவு எண்ணை மட்டும் காட்டும் இடம் அவனுக்கு எதைக் கொடுக்கிறது? பாரிஸில் அடக்குமுறையாகத் தெரியும் எண், சேரியிலிருந்து வருகிறவனுக்கு மூச்சு விடும் இடமாகவும் இருக்கிறது. ரெண்டும் ஒரே சமயத்தில் உண்மை. எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பையன் இதைச் சுருக்கமாகச் சொன்னான்: “இன்டர்வியூ இல்லாத வேலையா பாருங்கண்ணே. மெஷினுக்கு நம்ம ஊரு தெரியாது.”

அந்த மெஷினும் பழையதுதான். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற கேள்வி வடிவத்தை அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி 1914ஐ ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்க உருவாக்கினார். திருத்தும் வாத்தியாரின் மனப்போக்கு மதிப்பெண்ணில் கலக்கக்கூடாது, ஒரு கேள்விக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான சிப்பாய்களை இதே போன்ற தாள்களால் சலித்தது. 1938இல் ஐ.பி.எம். கம்பெனி பென்சில் கரியின் மின்கடத்தலை வைத்து விடைத்தாள் திருத்தும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஓ.எம்.ஆர். தாளின் தாத்தா. இந்தியாவில் சிவில் சர்வீஸுக்கு இது வந்தது 1979இல், கோத்தாரி குழு 1976இல் கொடுத்த அறிக்கையின்படி. விண்ணப்பங்கள் பெருகிவிட்டன, சலிக்க ஒரு முதல்நிலைத் தேர்வு வேண்டும். அதே சீர்திருத்தம் முதன்மைத் தேர்வை இந்திய மொழிகளில் எழுதவும் வழி செய்தது. முதல்நிலை வினாத்தாள் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் எழுதலாம், தமிழில் கேட்க மாட்டோம்.

சரி, அந்த வடிவத்துக்குள் வரலாறு என்ன ஆகிறது? முதலில், எல்லா நிகழ்வுக்கும் ஒரு எழுவாய் வேண்டும். ‘அறிமுகப்படுத்தியவர் யார்’, ‘கொண்டுவந்தவர் யார்’. கூட்டமாகச் செய்யப்பட்டவை, யாரும் செய்யாமல் நடக்க விடப்பட்டவை இதில் உட்காராது. 1876-78 பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். ஊர் ஊராகச் செத்த கதை, கும்மியாகவும் ஒப்பாரியாகவும் பாடப்பட்டது. அந்தப் பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போது 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் தர்பார் நடத்தியவர் லிட்டன். கைடு புத்தகத்தில் லிட்டன் இருக்கிறார், பத்திரிகைச் சட்டம் இருக்கிறது, ஆயுதச் சட்டம் இருக்கிறது. பஞ்சம் அவர் பெயருக்குக் கீழே வரும் ஒரு வரி. காலம் கவர்னர் ஜெனரல்களின் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அவனுடைய பதவிக்காலம்தான் நம் நாட்காட்டி.

அடுத்தது, ‘முதல்’ என்ற சொல். முதல் சுதந்திரப் போர் எது? 1909இல் சாவர்க்கர் புத்தகம் எழுதி 1857க்கு அந்தப் பட்டத்தை நிலைநாட்டினார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது 1801 ஜூன் 16. எந்த ஆணையத் தேர்வு, எந்தப் பாடப்புத்தகம் என்பதைப் பொறுத்து விடை மாறும். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள்: “சென்ட்ரலுக்கு ஒண்ணு, ஸ்டேட்டுக்கு ஒண்ணு.” வரலாறு அரசு சார்ந்தது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர்கள் நோட்டில் ரெண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொள்கிறார்கள்.

‘கூற்று–காரணம்’ என்றொரு வகையும் உண்டு. கூற்று சரி, காரணம் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்பது போன்ற விடைகள். மனப்பாடத்துக்கு மாற்றாக, சிந்திக்க வைக்க வந்ததாம். நடைமுறையில் காரணமும் மனப்பாடமாகிவிட்டது, வேறொன்றும் நடக்கவில்லை.

கீழவெண்மணியை நான் ஒரு நாள் வகுப்பில் எடுத்தேன். 1968 டிசம்பர் 25, 44 பேர். இந்த இரண்டு எண்களும் கேள்வியாக முடியும். பெண்களும் குழந்தைகளும் அதிகமாக இருந்த அந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததாகத் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. காரும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப அதற்குக் கடினமாக இருந்தது. இதை எந்த நான்கில் ஒன்றாக ஆக்குவது? அரை மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் ஒரு பெண், தையல் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவள், மரியாதையாகத்தான் கேட்டாள்: “அண்ணே, தீர்ப்பெல்லாம் பரீட்சைக்கு வராதுல்ல?”

வராது என்றேன். வேறென்ன சொல்ல? 2022 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர், அறிவிக்கப்பட்ட இடங்கள் 7301. 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அவளுக்கு அரை மணி நேரம் என்பது எத்தனை கேள்வி என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் விடையைக் குறித்துவிட்டுப் பிறகு வேறு கையால் நிரப்பிய மோசடி 2020 ஜனவரியில் வெளியே வந்து, 99 பேர் வாழ்நாள் முழுக்கத் தேர்வெழுதத் தடை செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் யாரும் அறம் பேசவில்லை. யாருடைய இடம் போயிற்று என்று கணக்குப் போட்டார்கள். மெஷினுக்கு ஊர் தெரியாது என்ற நம்பிக்கையின் மேல் விழுந்த அடி அது.

நண்பர் ஒருவர், இயக்கத்துக்காரர், கோபமாகக் கேட்டார்: அரசைக் கேள்வி கேட்க வேண்டிய பிள்ளைகளுக்கு அரசின் கேள்விக்குப் பதில் சொல்லத் தருகிறீர்களே, வெட்கமாக இல்லையா? அவருடைய அப்பா தாசில்தாராக ஓய்வு பெற்றவர் என்பதை நான் அப்போது சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். அவருடைய கேள்வி அதனால் பொய்யாகிவிடாது. கிராம நிர்வாக அலுவலர் நாற்காலியில் நம் பெண் ஒருத்தி உட்கார்ந்தால் பட்டா மாறுதலுக்கு வரும் ஊர்க்காரன் அவள் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அதற்காக அவள் மன்றோவின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த மன்றோ ஏற்பாட்டில் பட்டா கிடைக்காமல் போன பண்ணையாளின் கொள்ளுப்பேத்தியாக இருந்தாலும்.

நாங்கள் இப்போது வகுப்பு நேரத்தை மாற்றிவிட்டோம். ஆறரை முதல் எட்டு வரை வினா விடை மட்டும். எட்டிலிருந்து கடைசி பஸ் வரும் வரை, இருக்கிறவர்கள் இருக்கலாம், பரீட்சைக்கு வராததைப் பேசுவோம். முதல் வாரம் நாலு பேர் இருந்தார்கள். போன வாரம் பதினொன்று. தையல்காரப் பெண் இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை, விடுதலை செய்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க எந்தப் பரீட்சை வைத்தார்கள் என்று கேட்டாள். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டித் தேர்வு கிடையாது என்று சொன்னேன்.