100 ரூபாய் கூப்பனும் 2 ரூபாய் அரிசியும்

மாற்றலில் அலிபிரிக்குக் குடிவந்த முதல் மாசம். 100 ரூபாய் தள்ளுபடிக் கூப்பனை விடக்கூடாதென்று 1,000 ரூபாய்க்கு மளிகை வாங்கி வந்தேன். தேவைப்பட்டது 600 ரூபாய்ச் சாமான்தான். "இதுல எங்கங்க மிச்சம்?" என்றார் தங்கமணி. பேங்க் ஆபீசரிடம் பதில் இல்லை :)

கூப்பனுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டுங்க. 1939 மே மாதம் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உணவு ஸ்டாம்ப் வந்தது. ஏழைக் குடும்பம் 1 டாலருக்கு ஆரஞ்சு ஸ்டாம்ப் வாங்கினால், 50 சென்ட்டுக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். நீலத்துக்கு, விற்காமல் தேங்கிய விளைபொருள்கள் கிடைக்கும். விவசாயிக்கும் லாபம், பசித்தவருக்கும் சாப்பாடு.

நம்ம பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேஷன் வந்தது. அப்போது திருப்பதியும் மதராஸ் மாகாணம்தான். 1952-ல் முதல்வர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1953-ல் சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போனது. 1983-ல் முதல்வரான என்.டி.ராமாராவ், ரேஷன் கார்டுக்கு கிலோ 2 ரூபாய் என்று அரிசி கொடுத்தார்.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைக் கேட்டேன். "அதுக்கு முன்னாடி எங்களுக்குக் கேழ்வரகுக் களிதான் சார். நெல்லுச் சோறு பண்டிகைக்குத்தான்" என்றார்.

என் கூப்பன் எனக்கு வேண்டாததை வாங்க வைத்தது. அவர் கார்டு, அவரால் வாங்க முடியாததை வாங்க வைத்தது. இப்பல்லாம் முதலில் லிஸ்ட், அப்புறம்தான் கூப்பன்.