பழுப்பு நாய் கிளப்பிய வழக்கு

1874-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த மேக்னான், நாயின் உடலில் அப்சிந்த் மதுவை ஊசி மூலம் ஏற்றினால் வலிப்பு எப்படி வரும் என்று மேடையிலேயே செய்து காட்ட முனைந்தார். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் சிலரே எழுந்து தடுத்தார்கள். வழக்குப் போடப்பட்டபோது மேக்னான் ஊர் திரும்பியிருந்தார். தண்டனை யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் விவகாரம் அத்தோடு அடங்கவில்லை. எழுத்தாளர் பிரான்சஸ் பவர் காப் இயக்கம் கட்டினார். 1875-இல் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அடுத்த ஆண்டே, விலங்குப் பரிசோதனையை ஒழுங்குபடுத்தும் உலகின் முதல் சட்டம் பிரிட்டனில் பிறந்தது. உரிமம் இல்லாமல் பரிசோதனை கூடாது. மயக்க மருந்து தர வேண்டும். மயக்கம் தெளியும் முன்பே விலங்கைக் கொன்றுவிட வேண்டும். இவை பொது விதிகள். சிறப்புச் சான்றிதழ் இருந்தால் விலக்கு உண்டு. கியூராரே என்ற நஞ்சை மயக்க மருந்தாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொன்னது. காரணம், அது தசைகளை முடக்கிவிடும், வலியை முடக்காது. விலங்கு அசையாமல் கிடக்கும், ஆனால் எல்லாம் உணரும்.

சட்டத்துக்கு உண்மையான சோதனை 1903 பிப்ரவரியில் வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடலியலாளர் வில்லியம் பேலிஸ் ஒரு பழுப்பு நாயை மாணவர்கள் முன் அறுத்து விளக்கினார். பார்வையாளர்களில் லிஸி லிண்ட் ஆஃப் ஹாகெபி, லெய்சா ஷார்டாவ் என்ற இரண்டு ஸ்வீடன் பெண்களும் இருந்தார்கள். நாய் துடித்தது, அதன் வயிற்றில் முந்தைய அறுவையின் காயம் இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார்கள். நாய் மயக்கத்தில்தான் இருந்தது என்றார் பேலிஸ். குற்றச்சாட்டை மேடையில் முழங்கிய விலங்குப் பரிசோதனை எதிர்ப்பாளர் ஸ்டீபன் கோலரிட்ஜ்மீது அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். 2,000 பவுண்ட் இழப்பீடும் பெற்றார்.

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் தெருவில் வேறு வழி கண்டார்கள். 1906-இல் லண்டனின் பாட்டர்சீயில் அந்த நாய்க்குச் சிலை எழுந்தது. ஆத்திரமடைந்த மருத்துவ மாணவர்கள் 1907 டிசம்பரில் ஊர்வலமாகக் கிளம்பிப் போலீசாரோடு மோதினார்கள். சிலைக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. 1910 மார்ச்சில் நகராட்சியே, போலீஸ் பாதுகாப்போடு, விடிவதற்குள் சிலையைக் கழற்றி எடுத்துப் போனது. புதுச் சிலை வர 1985 ஆயிற்று.

இத்தனை கலவரத்துக்குப் பிறகும் 1876 சட்டம் 110 ஆண்டு நீடித்தது. இடையில், 1959-இல், வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு புத்தகத்தில் மூன்று வழிகளை முன்வைத்தார்கள்: விலங்குக்கு மாற்று தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது. அன்று பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த யோசனைதான் பின்னாளில் சட்டத்தின் முதுகெலும்பு ஆனது.

1986-இல் பிரிட்டன் பழைய சட்டத்தை மாற்றியது. அதே ஆண்டு ஐரோப்பிய சமூகமும் தன் உறுப்பு நாடுகளுக்குப் பொது நெறிமுறை வகுத்தது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை இன்னும் இறுக்கியது. ஆக்டோபஸ், கணவாய் போன்றவையும் பாதுகாப்பு வளையத்துக்குள் வந்தன. சிம்பன்சி, கொரில்லா போன்ற மனிதக் குரங்குகளைப் பயன்படுத்த, மிக அரிதான விதிவிலக்கு நீங்கலாக, தடை வந்தது. விலங்கில் சோதித்த அழகுசாதனப் பொருட்களை விற்பதற்கான முழுத் தடை 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

1876-இல் கேட்ட கேள்வி, விலங்குக்கு வலிக்கிறதா என்பது. இன்று ஆய்வாளர் முதலில் பதில் சொல்ல வேண்டியது, விலங்கு இல்லாமலே இதைச் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு. பரிசோதனையில் விலங்குகளை முழுவதும் கைவிடுவதே இறுதி இலக்கு என்று 2010-ஆம் ஆண்டு சட்டம் தன் முகப்பிலேயே சொல்கிறது. எந்த ஆண்டுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை.