ஒரே அலைவரிசை, பன்னிரண்டு பேச்சு: கார்டெக்ட் கதை

ஜீயபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு முறைத்தண்ணீர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்தால் வாய்க்காலைக் கூறு போட முடியாது, நேரத்தைத்தான் கூறு போட வேண்டும். இவர் வயலுக்கு இத்தனை மணி நேரம், பிறகு அடுத்தவருக்கு. ரேடியோ அலைவரிசையையும் இப்படியே பங்கு வைக்கலாம். பெயர்தான் பயமுறுத்தும்: டிடிஎம்ஏ! இதை வைத்துக் கிராமங்களுக்கு போன் கொண்டுபோகப் பார்த்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள்.

1994-ல் இந்தியாவில் நூறு பேருக்கு 0.8 போன்தான். ஒரு இணைப்பு கொடுக்க ஏறக்குறைய 40,000 ரூபாய் ஆனது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தால்தான் கட்டுப்படியாகும். அன்றைக்கு எத்தனை வீடுகளால் அது முடியும்? பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, செலவை 10,000 ரூபாய்க்குள் இறக்க நினைத்தது. தெருத்தெருவாகச் செம்புக் கம்பி புதைக்கும் செலவை ஒழித்தாலே பாதி வெற்றி. மைடாஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கியதுதான் கார்டெக்ட்.

அடிப்படை, ஐரோப்பாவின் டெக்ட் முறை. அதில் 10 மில்லிசெகண்டை 24 துண்டாக்குகிறார்கள். போக 12, வர 12. ஆக ஒரே அலைவரிசையில் 12 பேச்சு. ஒவ்வொரு போனுக்கும் செகண்டுக்கு 100 முறை முறை வரும். 10 மில்லிசெகண்ட் பேச்சை 320 பிட்டாகச் சுருக்கி, அரை மில்லிசெகண்டுக்குள் அனுப்பிவிடுவதால் காதுக்கு இடைவெளியே தெரியாது.

சிக்கல் தூரத்தில் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகப் போவது போல, அலைக்கும் கிலோமீட்டருக்கு 3 மைக்ரோசெகண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். தாமதமானால் அடுத்தவர் துண்டில் போய் விழும். அதனால் துண்டுகளுக்கு நடுவே வரப்பு மாதிரி கொஞ்சம் நேரத்தைச் சும்மா விடுகிறார்கள். டெக்ட், வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ளே பேசுகிற கார்ட்லெஸ் போனுக்காக வந்தது, அதன் வரப்பு சின்னது. நம்மூரிலோ ஊருக்கு ஊர் பல மைல்! கார்டெக்ட் நேர்பார்வையில் 10 கிலோமீட்டர் வரை எட்டியது, நடுவில் ரிலே நிலையம் வைத்தால் 25.

2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் என்-லாக் நிறுவனம் இதை வைத்து இன்டர்நெட் மையங்கள் திறந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை அந்த மையங்கள் வழியாகக் கண் பிரச்சினைகளைக் கேட்டு ஆலோசனை சொன்னது. வேகம் 35 அல்லது 70 கிலோபிட்.

ஆனால் செல்போன் விலை சரிந்ததும் சுவரோடு கட்டிய போனை யார் சீண்டுவார்கள்? கார்டெக்டை ஓரங்கட்டிய ஜிஎஸ்எம்மும் வேறு ஜாதி இல்லை. அதுவும் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை 8 துண்டாக்கி முறை வைத்ததுதான்.