லயத்தில் ஒலித்த வேதவாசிப்பு



சபரகமுவ என்றவுடன் மாணிக்கக் கல் அகழும் குழிகளும், சிவனொளிபாத மலையும், ஓயாத மழையுமே பலருடைய நினைவில் எழும். அம்மாகாணத்தின் இரு மாவட்டங்களாகிய இரத்தினபுரியிலும் கேகாலையிலும், தேயிலையும் றப்பரும் வளர்ந்த குன்றுகளுக்கிடையே, ஒரு தமிழ்க் குடி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றது. அக்குடியினருள் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். அவர்களிடையே சிறு தொகையினராய்க் கிறிஸ்தவர்களும் உளர். அச்சிறு தொகையினர் வேதாகமத்தை நாள்தோறும் எவ்வாறு வாசித்தனர், அவ்வாசிப்பு அவர்களிடம் எதனைக் கோரிற்று என்பது பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இவ்வழக்கத்தின் வேரைக் காண நாம் கடல் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குச் செல்ல வேண்டும். ஜெர்மனியிற் பிறந்த ரேனியஸ் ஐயர் 1820ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் பனங்காடுகளுக்கிடையே தோன்றிய கிறிஸ்தவச் சிற்றூர்களில் ஒரு பழக்கம் ஊன்றி நின்றது. மாலையில் சிறு கோயிலின் மணி ஒலிக்கும். வேலை முடித்தவர்கள் வந்து கூடுவர். உபதேசியார் வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, கேட்டவர்களிடம் வினா எழுப்பி, பொருள் சொல்லி, ஜெபத்தோடு முடிப்பார். எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டே சங்கீதங்களையும் சுவிசேஷக் கதைகளையும் நெஞ்சில் பதித்துக்கொண்டனர்.

பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமார் அழைத்துவர, இச்சீமையிலிருந்தும் மதுரை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்தும் மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மூட்டை முடிச்சோடு அவரவர் தெய்வங்களும் வந்தன. கிறிஸ்தவர்களுடன் அந்த மாலை வாசிப்பும் வந்தது. ஆனால் மணி அடிக்கக் கோயில் இல்லை. வாசிக்க உபதேசியாரும் இல்லை.

இக்குறையை நிரப்ப 1854ஆம் ஆண்டில் கண்டியை மையமாகக் கொண்டு ஓர் இயக்கம் தோன்றிற்று. தோட்டத் துரைமார் சிலர் பொருளுதவி செய்ய முன்வந்தனர். சர்ச் மிஷனரி சங்கத்தார் பொறுப்பேற்றனர். திருநெல்வேலியிற் பணிபுரிந்து தமிழறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஐயர் மேற்பார்வைக்கு வந்தார். உபதேசிமாரும் அந்நாட்டிலிருந்தே வரவழைக்கப்பட்டனர். இவ்வியக்கத்துக்கு இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. மனிதனைத் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் என்று போதிக்க வந்த அமைப்பு, அம்மனிதனுடைய பெயராகக் 'கூலி' என்ற சொல்லையே ஏற்றுக்கொண்டதை எண்ணுந்தோறும் எனக்கு நெஞ்சு உறுத்துகின்றது. பிற்காலத்தில் அச்சொல் நீக்கப்பட்டு, 'தமிழ்த் திருச்சபை மிஷன்' என்று பெயர் மாறிற்று. மாறியது நன்றே, எனினும் மாற நெடுங்காலம் சென்றது.

அவர்கள் கையிலிருந்த நூல் எது? தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரால் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறிற்று. நம் நாட்டிலேயே, ஒல்லாந்தர் ஆட்சியில், பிலிப்பு தெ மெல்லோ என்பவரின் மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று. பின்னர் பெப்ரிசியஸ் ஐயரும் ரேனியஸ் ஐயரும் செய்தவை வந்தன. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் முன்னின்று செய்த திருத்தம் 1850இல் வெளியாயிற்று. அதற்குத் தமிழ்நடையில் துணை நின்றவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். தம் சமயத்துக்காக அரும்பாடுபட்ட ஒருவரின் தமிழ், பிற சமயத்தாரின் மறைநூலுக்கும் பயன்பட்டது என்பது நம் மாணவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. இறுதியாகப் பல சபையாரும் ஒப்பிய பவர் ஐயரின் திருப்புதல் 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. தோட்டங்களிலுள்ள சீர்திருத்தச் சபையாரின் வீடுகளில் தலைமுறைகளாக ஒலித்தது இத்திருப்புதலே.

1869இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதற்குள் தேயிலை வந்துவிட்டது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த றப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் களனிப் பள்ளத்தாக்கிலும் களுகங்கைக் கரையிலும் பரவின. யட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய ஊர்களைச் சூழத் தோட்டங்கள் பெருகின. குறுகிய பாதைப் புகையிரதம் 1912இல் இரத்தினபுரியை எட்டிற்று. மலையுச்சித் தோட்டங்களுக்கு இல்லாத ஒரு தன்மை இப்பகுதிக்கு உண்டு. இங்கே லயங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ளவை, சிங்களக் கிராமங்கள் அவற்றைச் சூழ்ந்துள்ளன. ஒரு தோட்டத்தில் நான்கைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தாலே மிகுதி. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வருவதே அரிது. ஆகவே வீட்டு வாசிப்பே அவர்களுக்குக் கோயிலாயிற்று.

லயத்து அறையை அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே ஒடுங்கிய திண்ணை. புகை போக வழியற்ற அடுப்பு. அங்கே ஒரு குடும்பம் முழுவதும் வாழும். பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் எழ வேண்டும். குளிர்ந்த வேளையிலேதான் றப்பர்ப் பால் நன்றாக வடியும். கொழுந்து பறிக்கும் பெண்ணோ அதற்கும் முன்னே எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். எனவே வாசிப்புக்குரிய நேரம் இரவே. குப்பி விளக்கின் அருகில் எழுத்தறிந்த ஒருவர் அமர்வார்; பல வீடுகளில் அவர் பத்து வயதுப் பிள்ளை. பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க, பாட்டி அடுத்த சொல்லைத் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாத லயங்களில் அடுத்த காம்பராவிலிருந்த சைவக் குடும்பத்தாரும் அதனைக் கேட்டனர். அவர்கள் பாடிய மாரியம்மன் தாலாட்டை இவர்களும் கேட்டனர். கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே செல்லும். பொங்கல் இங்கே வரும்.

அன்றன்றைக்கு ஒரு சிறு பகுதி என்ற முறை உலகெங்கும் பல சபைகளில் உள்ளதே. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் சின்சென்டார்ப் பிரபு 1728 முதல் நாளுக்கொரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லியனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். படித்தவர்களுக்கு அது தனித்திருந்து சிந்திக்கும் முறை. தோட்டத்திலோ தனிமைக்கு இடமே இல்லை. அங்கே சிந்தனை பலர் கூடிப் பேசுவதாகவே நிகழ்ந்தது. வாசித்ததை அன்றைய நாளோடு பொருத்திப் பார்ப்பதே விளக்கவுரை. ஒருவகையில் இதுவே நூலுக்கு நெருங்கிய முறை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அத்திருமுகங்கள் முதன்முதல் எழுதப்பட்டதும், எழுத்தறியாதார் பலர் கூடியிருந்த வீடுகளில் உரக்க வாசிக்கப்படுவதற்கே அன்றோ?

வாசிக்கப் பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளைக்கு எழுத்து வேண்டும். உபதேசியாரே பல தோட்டங்களில் ஆசிரியராகவும் இருந்தார். 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்திற்று. சட்டம் சட்டமாக இருந்தது. பாடசாலையோ பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். பத்து வயதில் பிள்ளை மலைக்குச் செல்லும். ஓரிரு ஆண்டில் படித்த எழுத்து மறந்துபோகும். இரவுதோறும் ஒரு நூலைத் திறக்கும் வீட்டில் மட்டும் அது மறக்கவில்லை. மறைநூல் எதுவாயினும், நாள்தோறும் ஓதும் வீட்டுப் பிள்ளையின் நா திருந்துவதை ஆசிரியர் எவரும் அறிவர்.

பொருளுதவிய துரைமார் எதிர்பார்த்தது வேறு. குடியை விட்டவன், நேரத்துக்கு வருபவன், சொன்னதைச் செய்பவன்: இத்தகைய தொழிலாளியை வேதம் உருவாக்கித் தரும் என்று அவர்கள் நம்பினர். குடியை விட்டவர் பலர் உண்டு. அதனால் அடுப்பெரிந்த வீடுகளும் பல. ஆனால் ஒரு நூலை முழுமையாகக் கையிற் கொடுத்த பின், இந்தப் பகுதியை மட்டும் வாசி என்று யார் சொல்ல முடியும்? அதே நூலிலே யாத்திராகமம் இருக்கின்றது. செங்கல் சூளையில் வதைந்த மக்களின் கூக்குரல் அதிலே கேட்கின்றது. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்று, பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கிய ரூத் என்னும் பெண்ணின் கதையைக் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு விளக்கிச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. அறுவடை செய்தவரின் பிடித்துவைத்த கூலி கடவுளின் செவிக்கு எட்டுகின்றது என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் கூறுகின்றது. அரைப்பேர் போடப்பட்ட நாளின் இரவில் அவ்வதிகாரம் எவ்வாறு ஒலித்திருக்கும்! கங்காணியின் கடனோடு தொழிலாளியைப் பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது; குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. இவற்றை வேதவாசிப்பு கொணர்ந்தது என்று நான் கூறவில்லை. தொழிற்சங்கத்தாரும் பிற பெரியோரும் போராடிய வரலாறு அது. நீதி என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்த செவிகள் சில லயங்களில் முன்னமே இருந்தன என்பதே என் கருத்து.

சாதி விஷயத்திலோ அந்நூல் கேட்பவர்களையே குத்திற்று. 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று திருமுகம் விடுத்தபோது தஞ்சாவூரில் பெருங்கலகம் எழுந்தது. எந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் உருகிப் பாடினரோ, அந்தச் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்குச் சார்பாக வாதிட்டவர். இந்தப் பிணக்கு கடல் கடந்தும் வந்தது. ஒரே பாத்திரத்தில் இராப்போசனம் பருகியவர்கள், வீடு திரும்பியபின் ஒரே பானையில் தண்ணீர் மொள்ளத் தயங்கினர். சம்பந்தம் என்று வந்துவிட்டால் வேதம் ஒரு பக்கம், சாதி மறுபக்கம். லயத்தின் நெருக்கமும் தொழிற்சங்கமும் கல்வியும் சேர்ந்து இப்பிடியைத் தளர்த்தின. வாசிப்பு மட்டும் தளர்த்திற்று என்று சொன்னால் அது உண்மையாகாது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபின் எழுத்துக்கு இன்னொரு மதிப்பு உண்டாயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், மணமானவராயின் ஏழாண்டும், மற்றவராயின் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிறுவ வேண்டும். தோட்டத்து மக்களிடம் பத்திரம் ஏது? ஞானஸ்நானப் பதிவேட்டிலோ பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் எல்லாம் இருக்கும். வீட்டு வேதாகமத்தின் வெற்றுத் தாளில் பிறப்பும் இறப்பும் குறித்துவைத்த குடும்பங்களும் உண்டு. எனினும் பெரும்பாலோர் விண்ணப்பங்கள் தள்ளுண்டன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரித் தேயிலைக்குச் சென்றவர்களின் தகரப் பெட்டிகளில் அவ்வேதப் புத்தகமும் சென்றது. எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல் தான் நிறைவேறிற்று.

அண்டை அயலாரை நேசி என்ற கட்டளை இம்மாகாணத்தில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1977 ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலும், மீண்டும் 1983 ஜூலையிலும் லயங்கள் தாக்கப்பட்டன. மக்கள் காட்டுக்குள் ஓடினர். பலர் வடக்கே சென்று திரும்பவேயில்லை. அந்நாட்களில் தம் வீட்டுக் கதவைத் திறந்து தமிழரை மறைத்துவைத்த சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். பௌத்தராகிய அவர்கள் அக்கட்டளையை வாசித்தவர்கள் அல்லர், செய்தவர்கள். கேகாலைப் பகுதியும் அடங்கிய குருநாகல் மறைமாவட்டத்தின் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாம் சிங்களவராயிருந்தும், 1983 செப்டம்பரில் தம் மறைமாவட்டப் பேரவையில் ஆற்றிய உரையில், நிகழ்ந்ததற்குச் சிங்கள மக்கள் நாண வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே, அக்டோபர் 23ஆம் நாள், அவர் காலமானார். வேதத்தை நாள்தோறும் சிந்திப்பவர் அதற்கேற்ப வாழ்வது என்றால் என்ன என்று மாணவர் எவரேனும் வினவினால் நான் சுட்டிக்காட்டும் மனிதருள் அவரும் ஒருவர்.

இன்று சபரகமுவத் தோட்டங்களில் நிலை வேறு. பல தமிழ்ப் பாடசாலைகளில் உயர்வகுப்பு இல்லை. அண்மையிலுள்ள சிங்களப் பாடசாலையே பிள்ளைக்கு வாய்ப்பு. வீட்டிலே தமிழ் பேசிச் சிங்களத்தில் எழுதும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். பிள்ளை முன்னேற வேண்டும் அல்லவா? சில கோயில்களில் ஒரே ஆராதனையில் இரு மொழியிலும் வாசிக்கிறார்கள். சில வீடுகளிலே தமிழ் எழுத்து கண்ணிற் படும் ஒரே இடம் அந்தப் பழைய வேதப் புத்தகந்தான். முன்பு பேரப்பிள்ளை வாசிக்கப் பாட்டி கேட்டாள். இப்பொழுது கண்ணாடி அணிந்த பாட்டி விரலை வரிமேல் வைத்து நகர்த்த, பிள்ளை பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுப் பழகுகின்றது.